ஒரே நாளில் இரண்டு கடல்

கீழே வேன் ஹாரன் இரண்டு முறை ஒலித்தது. இன்னும் விடியவில்லை. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், மாசாயில் நான்காவது மாடியில் இருந்த அந்தச் சின்ன வீடு முழுக்க, தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றின் மணம்.

பிலோமினா ஆன்ட்டி ஒரு டப்பாவின் மூடியை முழங்கையால் அழுத்திக்கொண்டே, "வந்துட்டாங்க, கிளம்புங்க" என்றார். அவருடைய மகள் ஜெசிந்தா, என் வகுப்புத் தோழி, குளியலறைக் கதவில் சாய்ந்து, பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் கவனித்தது ஆன்ட்டியின் காதுகளை. தொழிற்சாலைக்குப் போகும்போது வெறும் காது. சர்ச்சுக்குப் போகும்போது சின்னத் தோடு. அன்றைக்கு வெள்ளை முத்து தொங்கும் ஜிமிக்கி. கடலைப் பார்க்கப் போகிறவர் ஜிமிக்கி போடுவாரா என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் பசி வந்துவிட்டது. யோசனை போய்விட்டது.

சும்மா போவது

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி, "நீங்கள் ஜொகூருக்குப் படிக்கப் போனீர்களா, ஊர் சுற்றப் போனீர்களா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. நீர்வளப் பொறியியலில் முதுகலை படிக்கத்தான் போனேன். படித்தும் முடித்தேன். ஆனால் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தால் முதலில் வருவது பாடமில்லை, சனிக்கிழமைகள்தான்.

நாமக்கல்லில் எங்கள் அப்பாவுக்கு லாரிப் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கறி எடுப்பார்கள், தலைக்குக் குளிப்பார்கள், மதியம் தூங்குவார்கள். வெளியே போவதென்றால் கல்யாணமோ, கோயிலோ, ஆஸ்பத்திரியோ இருக்கவேண்டும். காரணமில்லாமல் யாரும் வாசல்படி தாண்டியதில்லை.

ஜொகூரில் முதல் தடவை கடற்கரைக்குப் போய்விட்டு அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"என்ன விசேசம்?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா."

"சும்மா யாராச்சும் கடலுக்குப் போவாங்களா?"

அந்தக் கேள்வியை ஜெசிந்தாவிடம் கொண்டுபோனேன். ஜெசிக்குத் தெரியும். சும்மா போவதற்கு மலாய்க்காரர்கள் 'ஜாலான் ஜாலான்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள் என்றாள். "பேரு இருக்குல்ல, அப்ப அது ஒரு வேலைதான் லா." எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'லா' போடுவது அந்த ஊர்ப் பழக்கம்.

நாங்கள் இருவரும் தம்போயில், கார் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தோம். தகரத்தைத் தட்டும் சத்தம் பகல் முழுக்கக் கேட்கும். மற்ற மாணவிகள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். எனக்கோ அது அப்பாவின் பட்டறைக்குப் பக்கத்தில் இருப்பதுபோல. அந்தச் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும்.

அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு வகுப்பு. முதல் மாதம் இது என் மூளையில் ஏறவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்து உட்கார்ந்திருந்தபோது, ஜெசி ஈரத்தலையோடு என்னை வகுப்புக்கு இழுத்துப்போனாள். அதனால் எங்களுக்குச் சனிக்கிழமை என்பது அவசரமான நாள். அன்று மாலைக்குள் எல்லாச் சந்தோஷத்தையும் முடித்துவிட வேண்டும்.

ஜெசியிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. அதில் ஸ்தூலாங் கடற்கரைக்குப் போய், எதிரே சிங்கப்பூரின் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே வறுத்த வாழைப்பழம் தின்போம். ஒருமுறை மூவாருக்குப் போய், வழியெல்லாம் மழையில் நனைந்து, ஒரு கிண்ணம் சூப்புக்காக நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் வந்தோம் என்று கடைக்காரரிடம் பெருமையடித்தோம். அவர் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

இரண்டு கடல் யோசனை வகுப்பில் வந்தது. சுவரில் ஜொகூரின் வரைபடம். கிழக்கே தென்சீனக் கடல், மேற்கே மலாக்கா நீரிணை. "இங்க சூரியன் எந்திரிக்கிறதைப் பாத்துட்டு, அங்க போய் அது படுக்கிறதையும் பாக்கலாம் போல" என்று சும்மாதான் சொன்னேன். ஜெசி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கிழக்குக் கரையில் தெசாருவிலிருந்து மேற்குக் கரையில் பொந்தியானுக்கு மூன்று மணி நேரம்கூட ஆகாது என்று அப்போதே கணக்குப் போட்டாள்.

"மோட்டர்ல அவ்வளவு தூரம் வேண்டாம்" என்றார் பிலோமினா ஆன்ட்டி. "குணாகிட்ட வேன் இருக்கு. கேட்டுப் பாக்கிறேன். நானும் வர்றேன்."

அம்மாவும் வருகிறேன் என்றதில் ஜெசிக்கு ஒரே சந்தோஷம். அப்பா தவறிய பிறகு, அதாவது இவளுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோதிலிருந்து, அம்மா எங்கும் சும்மா போனதே இல்லையாம்.

சூரியன் வரவில்லை

குணா, பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுபவர். மாசாய் அடுக்குமாடி வீடுகளில் அவரைத் தெரியாதவர் இல்லை. ஐம்பதைத் தாண்டியவர். சிகாமட் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் இரண்டுக்கும் ஓட்டுவார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஜெசி வழியில் கேட்டதற்கு, "நேரம் கிடைக்கல லா" என்றார். நாங்கள் சிரித்தோம். முன் இருக்கையில் ஆன்ட்டி மட்டும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜொகூர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது வானம் சாம்பல் நிறமாகியது. தெசாருவில் இறங்கியபோது சாம்பல் இன்னும் கெட்டியானது. மணலில் பாயை விரித்து நால்வரும் கிழக்கே பார்த்து, ஏதோ கச்சேரி தொடங்கப்போவதுபோல வரிசையாக உட்கார்ந்தோம். ஏழு மணி ஆனது. ஏழேகால் ஆனது. மேகம் வெளுத்தது. சூரியன் மட்டும் வரவில்லை.

"அது வந்திருச்சு. மேகத்துக்குப் பின்னால இருக்கு" என்றார் குணா, தானே பொறுப்பு என்பதுபோல.

"அங்கிள், இதுக்கா நான் நாலு மணிக்கு எந்திரிச்சேன்?" என்று சொல்லிக்கொண்டே ஜெசி எழுந்து, போட்டிருந்த உடையோடு கடலுக்குள் ஓடிவிட்டாள். குணா எங்களுக்குக் காப்பி வாங்கிவரப் போனார்.

ஆன்ட்டி மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "கௌசி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். "உங்க ஊர்ப் பக்கம், என் வயசுல ஒரு பொம்பள திரும்பக் கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன சொல்வாங்க?"

"யாரை ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் எனக்கே விளங்கியது. மாசாயில் பெரியவர்கள் எல்லோருக்கும் அவர் 'குணாண்ணே'. கிழவிகள்கூட அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். பிலோமினா ஆன்ட்டி மட்டும் ஒரு தடவையும் அண்ணே சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல மனம் வரவில்லை. "எங்க ஊரு கிடக்குது ஆன்ட்டி. உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றேன்.

அவர் சொன்னார். பத்து வருஷமாக அந்த வேனில்தான் வேலைக்குப் போகிறார். போன வருஷம் ஒரு காலையில் ஹாரன் இரண்டு முறை அடித்தும் அவர் இறங்கி வரவில்லை. குணா நான்கு மாடி ஏறிவந்து கதவைத் தட்டினார். காய்ச்சலில் ஆன்ட்டியால் எழுந்து நிற்க முடியவில்லை. டெங்கிக் காய்ச்சல். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டு ஷிப்டுக்கும் நடுவில் வந்து, கஞ்சி கொடுத்து, உட்கார்ந்துவிட்டுப் போனவர் குணா.

"ஜெசிக்குச் சொல்லலியா?"

"அவளுக்கு அப்பப் பரீட்சை. ஓவர்டைம்னு சொல்லிட்டேன்." கோட்டை அழித்தார். "இதையும் இன்னும் சொல்லல. சர்ச்ல ஃபாதர்கிட்டக்கூடப் பேசிட்டேன். இவகிட்ட வாய் வரமாட்டேங்குது. இவ மூஞ்சி சுருங்கினா எனக்குத் தாங்காது."

"நீங்கதான் சொல்லணும் ஆன்ட்டி. அடுத்தவங்க சொல்லிக் கேட்டா நல்லா இருக்காது."

"சொல்றேன். மத்தியானம் அருவிக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு, சாயங்காலம் மெதுவா சொல்றேன்."

அப்போது ஜெசி சொட்டச் சொட்ட ஓடிவந்து என் பக்கத்தில் விழுந்தாள். "என்ன ரகசியம்?" என்றாள். "சூரியனைப் பத்தித்தான்" என்றேன். பொய் சொல்லத் தெரியாதவள் நான். நல்லவேளை, அவள் கண்ணில் உப்புத் தண்ணீர்.

சம்பல்

கோத்தா திங்கி அருவியில் கூட்டம். குழந்தைகள், மிதவை வளையங்கள், பாறைமேல் துணி காயவைக்கும் குடும்பங்கள். மரத்தடியில் பாய் விரித்து, சிலிப்பர்களைச் சுற்றிலும் கழற்றிவிட்டு உட்கார்ந்தோம். அருவிச் சத்தத்தில் கொஞ்சம் உரக்கப் பேசவேண்டியிருந்தது.

ஆன்ட்டி நாசி லெமாக்கை, காலையில் மணத்த அந்தத் தேங்காய்ப்பால் சோற்றை, பரிமாறினார். வெள்ளரி, முட்டை, வறுத்த நெத்திலி, வேர்க்கடலை. ஜெசி, தொட்டுக்கொள்ள அரைத்த மிளகாய்ச் சம்பல் டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு கரண்டி, தனக்கு இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு, குணாவின் தட்டுக்கு நீட்டினாள்.

ஆன்ட்டியின் கை குறுக்கே வந்தது. "அதில எறா போட்டிருக்கு. அவங்களுக்கு ஆகாது. இந்தா, தனியா வச்சிருக்கேன்." பையிலிருந்து ஒரு குட்டி டப்பா வந்தது.

ஜெசியின் கரண்டி அப்படியே நின்றது. குட்டி டப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். ஜிமிக்கியைப் பார்த்தாள்.

"எறா ஆகாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

 குணா தட்டைக் கீழே வைத்துவிட்டு எழப்போனார். "நீங்க உக்காருங்க" என்றார் ஆன்ட்டி. பிறகு மகளைப் பார்த்து, உரக்கப் பேச வேண்டிய இடத்தில் மெதுவாக, "நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம் ஜெசி" என்றார்.

ஜெசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். எழுந்து, காலில் கிடைத்த சிலிப்பரை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வாசல் பக்கம் நடந்தாள்.

அது குணாவின் சிலிப்பர்.

பெரிய சிலிப்பர்

அருவிக்கு வெளியே நல்ல வெயில். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் டுரியான் தோட்டம். பஸ் எதுவும் வராத சாலை. ஜெசி முன்னால் போகிறாள். ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பெரிய சிலிப்பர் டப் டப் என்று தரையில் அடிக்கிறது. கோபமாக நடப்பதற்கு ஏற்ற செருப்பே இல்லை அது. நான் பின்னால் ஓடினேன்.

"ஜெசி, எங்க போற?"

"வீட்டுக்கு."

"ஐம்பது கிலோமீட்டருக்கு மேல இருக்கும்."

"நடந்துக்கிறேன்." இரண்டடி போய்த் திரும்பினாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"காலையிலதான். நீ குளிக்கப் போனப்போ."

"என்கிட்ட சொல்லலை. உன்கிட்ட சொல்லியிருக்கு. வேற யாருக்குத் தெரியும்?"

"ஃபாதருக்கு."

"அலமாக்" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். "கோயிலுக்கே தெரிஞ்சிருக்கு. மகளுக்குத் தெரியல."

சாலையோர மைல்கல் ஒன்றில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் என்ன அவ்வளவு கெட்டவளா? அம்மா பயப்படுற மாதிரி நான் எப்ப நடந்துக்கிட்டேன்?" என்றாள்.

அந்த இடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். தப்பா சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. அவள் அம்மா சொல்ல வேண்டியதை நான் சொன்னேன். டெங்கி, நான்கு மாடி, ஆஸ்பத்திரி, கஞ்சி, எல்லாவற்றையும்.

ஜெசி கணக்குப் போட்டாள். "அந்த ஓவர்டைம் வாரமா? அம்மா போனை எடுக்கவே இல்லைன்னு நான் சண்டை போட்டேனே, அந்த வாரமா?"

"ஆமாம்."

அப்போதுதான் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுடைய முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். டுரியான் கடைக்காரர் ஒருவர் எங்களை எட்டிப்பார்த்து, ஏதோ பெரிய துக்கம் என்று நினைத்து இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்.

கொஞ்ச நேரத்தில் பிலோமினா ஆன்ட்டி வந்தார். கையில் ஜெசியின் சிலிப்பர். வெயிலில் பாதித் தூரம் ஓடியிருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. நான் எழுந்து இடம் விட்டேன்.

"டெங்கி வந்ததை ஏம்மா சொல்லல?" என்றாள் ஜெசி. கல்யாணத்தைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

"நீ பரீட்சையை விட்டுட்டு வந்துருவே."

"வந்திருப்பேன். வரத்தான் வேணும்."

"அதான் சொல்லல."

கையிலிருந்த சிலிப்பரை மகளின் காலடியில் வைத்தபடியே ஆன்ட்டி சொன்னார்: "உனக்குப் பிடிக்கலைன்னா சொல்லு ஜெசி. நான் விட்டுடுறேன்."

"அப்படிச் சொல்லாத. அப்புறம் ஆயுசுக்கும் நான்தான் கெட்டவளா இருக்கணும்."

ஆன்ட்டி ஒரு நிமிஷம் யோசித்தார். "சரி, விடமாட்டேன்" என்றார்.

ஜெசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டே, "வேன்ல வர்ற ஆளுங்களுக்காவது தெரியாதுல்ல?" என்று கேட்டாள்.

"அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். என்னைத் தவிர வேற யாரையும் முன் சீட்ல உக்கார விடமாட்டாங்களே."

இந்தத் தடவை நான்தான் முதலில் சிரித்தேன். அப்புறம் மூன்று பேரும் நடுச்சாலையில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். திரும்பிப் போனபோது குணா அதே பாயில், வெறுங்காலோடு, அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். செருப்பில்லாமல் எங்கே போவது என்று தெரியவில்லையாம். அவர் தட்டில் சோறு தொடாமல் இருந்தது. ஜெசி அவர் முன்னால் சிலிப்பரை வைத்துவிட்டு, குட்டி டப்பாவைத் திறந்து அவர் தட்டில் ஒரு கரண்டி போட்டாள்.

"சாப்பிடுங்க அங்கிள். பொந்தியான் போகணும். லேட்டாயிருச்சு."

மேற்குப் பக்கம்

கூலாயில் சரியான போக்குவரத்து நெரிசல். அதைத் தாண்டியதும் மழை. பெக்கான் நானாஸ் வந்தபோது மழை நின்று, சாலையோரக் கடைகளில் அன்னாசிப் பழங்கள் கழுவிவிட்டதுபோல மின்னின. ஒரு பழம் வாங்கி, வேனிலேயே உப்புத் தொட்டுத் தின்றோம். ஆன்ட்டி முன் இருக்கையிலிருந்து பின்னால் வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்த ஜெசி, "முன்னாடி போம்மா. அவருக்கு வழி சொல்ல ஆள் வேணும்" என்றாள். இருபது வருஷமாக ஜொகூர் முழுக்க வேன் ஓட்டியவருக்கு வழி சொல்ல ஆன்ட்டி முன்னால் போனார்.

இரண்டு மாதம் கழித்துப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக் கையெழுத்து ஜெசியுடையது. அன்று மாலை, இரண்டு ஷிப்டிலும் வேனில் வரும் முப்பது பேருக்கும் பிரியாணி. ஆனால் என்னைக் கேட்டால், அந்தக் கல்யாணம் பொந்தியான் கடற்கரையில், அந்தச் சனிக்கிழமையே நடந்துவிட்டது.

ஏழு மணிக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தோம். தெசாரு போல மணல் இல்லை அங்கே. சேற்றுக் கரை, கல் அடுக்கிய சுவர், தூரத்தில் வரிசையாகக் கப்பல்கள். மழை கழுவிய வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. முழுச் சூரியன், முட்டை மஞ்சள் நிறத்தில், யாரையும் அவசரப்படுத்தாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் மூவரும் சுவரோரம் போய் நின்றோம். குணா வேனுக்குப் பக்கத்திலேயே, கதவில் கைவைத்தபடி நின்றுவிட்டார். ஆட்களை இறக்கிவிட்டுக் காத்திருந்தே பழகியவர்.

ஜெசி திரும்பி, "அங்கிள், அங்க நின்னு என்ன பண்றீங்க? வாங்க, போட்டோ எடுக்கணும்" என்று கூப்பிட்டாள்.

அவர் வேகமாக வந்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஜெசியிடமிருந்து போனை வாங்கி, பின்னால் நான்கடி நகர்ந்து, எங்கள் மூவரையும் சட்டத்துக்குள் பிடிக்க ஒரு கண்ணைச் சுருக்கினார். இத்தனை வருஷத்தில் எத்தனை பேருடைய சுற்றுலாவுக்கு இப்படிப் படம் எடுத்துக் கொடுத்திருப்பாரோ.

ஜெசி அவரிடம் போய், போனைத் திரும்ப வாங்கி என் கையில் வைத்தாள்.

"நீ எடு கௌசி. இவர் உள்ள நிக்கணும்."

குணாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எங்கே நிற்பதென்று தெரியவில்லை. ஆன்ட்டிக்கும் ஜெசிக்கும் நடுவில் ஜெசியே இழுத்து நிறுத்தினாள். அவர் நேராக நின்று, இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"கையை எடுங்க அங்கிள், இது என்ன இன்டர்வியூவா" என்றாள் ஜெசி.

பிலோமினா ஆன்ட்டிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அது குணாவைத் தொற்றியது. அவரிடமிருந்து ஜெசிக்குப் போனது. நான் பட்டனை அழுத்தினேன்.